அறுநூறு என்று எழுதியிருந்தேன்

மைனஸ் முப்பத்திரண்டு.
இரவு முழுக்கச் சுவரிலிருந்து மின்சாரம் குடித்தபடி கிடந்தது வண்டி.
சாவியைப் பாதி திருப்பி
ஆரஞ்சு விளக்கு அணையக் காத்திருக்கிறேன்.
இந்தக் குளிருக்கு ஒரு தடவை போதாது, இரண்டு.
அப்புறம் ஒரு இருமல், கொஞ்சம் கரும்புகை,
நாலு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக
மனமில்லாமல் வேலைக்கு வருகின்றன.

இவாலோவில் இருந்துகொண்டு
பியானோக்களுக்குச் சுதி சேர்ப்பது என் பிழைப்பு.
ஒரு பியானோவுக்கும் அடுத்ததற்கும் நடுவே
நூற்றைம்பது கிலோமீட்டர் பைன் மரம்.
எண்பத்திரண்டாம் வருடத்து மெர்சிடிஸ், டீசல்.
மேட்டில் மரலாரிகூட முந்திப் போகும்.
வால்வு ஒன்று கொஞ்சம் அதிகம் பேசினால்
எனக்குக் கேட்டுவிடும்.
ருஓகனென் பட்டறைக்கு விடுவேன்.
தகடு செருகிப் பார்த்து 'ஆமாம்' என்பார்.
இருபத்தாறு வருடமாக எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

எண்ணெய், வடிகட்டி, எண்ணெய், வடிகட்டி.
என்ஜினுக்கு ஒன்றும் வராது, துருதான் எமன்.
ஒரு வசந்தத்தில் என் இடது காலடியில் சாலை ஓடியது.
பழைய சௌனா அடுப்பின் தகட்டை வெட்டிப்
பற்றவைத்தார் ருஓகனென்.
கொஞ்ச நாள், சாவியை உருவிய பிறகும் நிற்காது.
சல்லா தேவாலயத்தில் ஒரு சவ அடக்கம்:
உள்ளே பாதிரியார் மௌனம் கேட்கிறார்,
வெளியே இது தடதடதட.
ஓடிப்போய் மூடியைத் தூக்கிச்
சிவப்பு நெம்புகோலை அழுத்தினேன்,
கறுப்புக் கையுறை முழுக்க மசி.

ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஆறில்
மீட்டர் நின்றது.
நகத்தளவு பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று.
மாற்ற வேண்டாம் என்றேன், ஏன் என்று இப்போது தெரியவில்லை.
சுதிக் கணக்கு நோட்டிலேயே
வலது ஓரம் தூரத்தையும் எழுதி வந்தேன்.
போன வாரம் கூட்டிப் பார்த்தால்
பத்து லட்சத்துக்கு இரண்டாயிரத்து நூறு பாக்கி.
ருஓகனெனுக்காக ஒரு கேக் சொல்லிவைத்தேன்.

ஒரே ஒரு வரி உறுத்தியது.
இரண்டாயிரத்து ஆறு, ஜூலை: 'ஹெல்வி, 600?'
என் மணிக்கட்டு உடைந்த கோடை.
சந்தைக்கும் ஏரிக்கும் என்று சொல்லித்தான்
தங்கை வண்டியை வாங்கிப் போனாள்.
திரும்பி வந்தபோது மிதியடியில் மணல்.
உதறினேன்.

தொலைபேசியில் கேட்டேன்.
அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடியது. நின்றது.
'நார்விக்' என்றாள்.
கடல். நார்வே.
'ஒரு தடவையா?'
'மூன்று.'
போய்வர ஆயிரத்து முந்நூறு.
'டோர்லெய்ஃப் என்று ஒருவர். இப்போது இல்லை.
கிளட்சை நான் கெடுக்கவில்லை, சத்தியமாக.'
கேட்க வேண்டியதை விட்டுவிட்டு
'டீசல் யார் போட்டது?' என்றேன்.
சிரித்தாள். அழுதாளோ என்னவோ,
லைன் அப்படி.

ஆக மூவாயிரத்து முந்நூறு கூட.
பத்து லட்சம் தாண்டி
ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் போயிருக்கிறேன்,
யாரும் கேக் வெட்டாமல்.
நோட்டைப் பின்னால் புரட்டினேன்.
மூன்று வாரம் முன்பு, வியாழன்,
சவுகோஸ்கிக்கும் சல்லாவுக்கும் நடுவே.
என் கையெழுத்தில் இருந்தது:
பள்ளிக்கூடம், இரண்டு தந்தி மாற்றம்,
ஈரப் பனி, வைப்பர் ஒட்டுகிறது.

அறுநூறை அடித்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம் எழுதினேன்.
கேள்விக்குறியை விட்டுவைத்தேன்.

கேக் பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டு.
கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குத்தான்
பனி உருகியிருக்கிறது,
அது போதும்.
ஹெல்வி இருப்பது ரொவானியெமியில்,
இருநூற்றுத் தொண்ணூறு.
இந்தத் தடவை முன்கூட்டியே எழுதிவிட்டேன்.