என்.சி.

கடைக்கு முன்னால் ஓடுகிற தெருவுக்கு
என்.சி. வீதி என்று பெயர்.
வடகரை என்கிறார் தபால்காரர்.
இல்லை, எவனோ ஒரு துரையின் தலையெழுத்து என்கிறார்
எதிர்த்த பேக்கரி ஜெறோம்.
பில்லில் இரண்டு எழுத்துத்தான் இருக்கிறது.
பில் பிந்தாமல் வந்து சேருகிறது.

நான் அந்தத் தெருவில் போன் திருத்துகிறவள்.

காலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு சில்லு.
எட்டுக் கால். ஆறுக்கு வேலை உண்டு.
மற்ற இரண்டுக்கும் பக்கத்தில்
வரைபடக்காரன் போட்டிருப்பான்: என்.சி.
எங்கும் போகாத கால் என்று அர்த்தம்.
ஆனாலும் ஈயம் வைக்கத்தான் வேண்டும்.
வைக்காமல் விட்டால்,
போன் ஒருதரம் கைதவறி விழும்போது
வேலை செய்கிற கால்தான் முதலில் கழன்றுபோகும்.

ரிலேயில் அதே எழுத்துக்கு வேறு குணம்.
மின்சாரம் வராத வரைக்கும்
சேர்ந்தே இருக்கிற முனை அது.
வந்தால் பிரியும்.
நாள்முழுக்க கரண்ட் வெட்டின அந்த வருசம்
எங்கள் வீட்டில் நாலு பேரும்
ஒரே பாயில் இருந்து கதைத்தோம்.
பிறகு கரண்ட் வந்தது.

மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் தகரம்.
மூடியில் என் கையெழுத்தில் என்.சி.,
எடுக்க வராதவை.
ஒவ்வொன்றின் முதுகிலும் அதையே சின்னதாய் ஒட்டியிருக்கிறேன்.
லீவில் குருநாகலுக்குப் போன கடற்படைப் பையனுடையது ஒன்று.
மூன்றுதரம் கடல் குடித்து
உள்ளெல்லாம் பச்சை பூத்த திருக்கடலூர்ப் போன் ஒன்று.
வீட்டுக்குத் தெரியாமல்
ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கொண்டுவந்தது ஒன்று;
அது வராது. எனக்குத் தெரியும்.

நேற்று மழை.
மான் ஒன்று வாசலில் ஒதுங்கி நின்று
காட்போட் பெட்டியின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது.
அதை விலக்கிக்கொண்டு ரஜிதமலர் வந்தாள்,
பதினெட்டு மாதம் குவைத்தில் இருந்தவள்.
கையில் சிட்டை, இலக்கம் 1184,
நாலாய் மடித்து, மடிப்பில் கிழிந்து.
இஹ்ஸான், கிண்ணியாப் பொடியன்,
வேலைக்கு வந்து மூன்று மாதம்,
தகரத்தைக் கிளறி எடுத்தான்.
முதுகைப் படித்தான்.
"காசு வேண்டாமாம் அக்கா. நோ சார்ஜ்."

ஆயிரத்து எண்ணூறு ரூபாய்!
திரை என் கைக்காசில் வாங்கிப் போட்டது.
வாயைத் திறந்தேன்.
அதற்குள் அவள் அழுத்திப் பார்த்துவிட்டாள். கறுப்பு.
"உண்மைதான் தம்பி, சார்ஜ் இல்லை."
சிரிப்பு வந்தது, எனக்குத்தான் முதலில்.
சிரித்த பிறகு எப்படிக் காசு கேட்பது?

வயரில் கொளுவிவிட்டு இருத்தினேன்.
காத்திருந்த நேரத்தில் பையிலிருந்து படிவம் எடுத்தாள்,
மின்சாரசபையுடையது,
ஆண்டாங்குளத்தில் கட்டி முடித்த வீட்டுக்கு.
"மூலையில என்.சி. எண்டு அடிச்சிருக்கிறான்,
இதென்ன கருமம்?"
புதிய இணைப்பு என்றேன்.
சொன்ன வாய்க்கு ஒருமாதிரி இருந்தது.

போன் விழித்தது.
திரையில் வெறுங்காணி, நாலு முளை,
முளைக்கு முளை மஞ்சள் நூல்.
"அப்ப நூல்தான் பிடிச்சிருந்தம்,"
என்று தனக்குள் சொன்னாள்,
பெருவிரலால் துடைத்தாள்,
அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டுமாம்.
பெயர் போட்டேன். கடை இலக்கம் போட்டேன்.
வீதி: முழுப்பெயரில் எழுதவும், என்றிருந்தது.
மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம்.
மான் போய்விட்டது, காட்போட்டோடு.
ஜெறோமைக் கேட்டால் துரை கதை தொடங்கும்,
மழை விட்டாலும் அது விடாது.

என்.சி. என்றே எழுதினேன்,
புள்ளி இரண்டையும் கொஞ்சம் அழுத்தி.