பத்துக்குப் பதினான்கு

ஹார்பர் லைனில் பதினோரு வருஷமாகப் போய்வருகிறேன்.
துறைமுகத்தின் பெயரை வைத்துக்கொண்டு
ஒருநாள்கூட அது எனக்குத்
துறைமுகத்தைக் காட்டியதில்லை.
காட்டியதெல்லாம் தண்டவாளத்தோரத் துணிக்கொடிகள்,
யாருடைய முழங்கையோ, யாருடைய டிபன் பையோ.

இந்த வருஷம் போனஸ் வந்தது.
"கப்பல்" என்றான் செல்வின்.
சொல்லிவிட்டு, சொன்னவனே
கொஞ்சம் பயந்துபோய் என்னைப் பார்த்தான்.

அன்றிலிருந்து எங்கள் ஃப்ரிட்ஜின் மேல்
மூன்று கப்பல்கள் நிற்கின்றன, மின்சார பில்லுக்கு அடியில்.

முதலாவது பெரியது. பதினான்கு தளம்.
நீர்ச்சறுக்கு உண்டு.
ஏபலுக்குத்தான் நான்கு விரல் உயரம் குறைகிறது.
"அதுக்குள்ள வளந்துருவேன்" என்று
இரண்டு நாள் பாலை அவனாகவே கேட்டுக் குடித்தான்.

இரண்டாவதில் சறுக்கு இல்லை.
ஏழு வயதுக்கு மேல் ஒரு விளையாட்டறை,
கீழ் இருப்பவர்களுக்கு வேறொன்று.
"இதுதான்" என்றாள் ஜெரூஷா உடனே.
அவளுக்குக் கடல் ஒரு பொருட்டில்லை,
தம்பி இல்லாத ஓர் அறை, அவ்வளவுதான்.

மூன்றாவது பாதி விலை.
ஏன் என்று போனில் கேட்டேன்.
"மேடம், அது ஜூன் கடைசி."
ஜூன் கடைசியில் நாங்கள் டிக்கெட் இல்லாமலே மிதப்பவர்கள்,
சூனாபட்டியில், முழங்கால் வரை.

ஏபலுக்கு வேறு கவலை.
ஞாயிறு பள்ளியில் யோனா கதை கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.
"கப்பல்ல யாராவது தப்பு பண்ணுனா
தூக்கிப் போட்டுருவாங்களா?"
அக்காவை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

பால்கனி அறையிலேயே செல்வினின் கண்.
காலையில் டீ, எதிரே கடல், கால்மேல் கால்.
எனக்கு அந்தப் படத்தில் கைப்பிடிச் சுவர் மட்டும் தெரிந்தது.
இங்கே எல்லா ஜன்னலுக்கும் கம்பி போட்டிருக்கிறோம்,
அந்தக் கம்பியிலும் ஏறுகிறவன் ஒருவன் இருக்கிறான்.
கடலுக்கு யார் கம்பி போடுவது?

உள்ளறை மலிவு. ஜன்னலே கிடையாது.
வெறும் சுவரைப் பார்க்கவா காசு கட்டிப் போவது?
அது இங்கேயே இருக்கிறது, மாத வாடகைக்கு.

ஒரு ராத்திரி, பதினொன்றைத் தாண்டி,
தையல் டேப்பும் சாக்பீஸுமாக உட்கார்ந்தான் செல்வின்.
பத்தடிக்குப் பதினான்கடி. ஹால் தரையில் வரைந்துகொண்டே போக
பன்னிரண்டிலேயே சுவர் வந்துவிட்டது.
மீதி இரண்டடி சமையலறைக்குள் நுழைந்து
சிலிண்டரைச் சுற்றி வளைந்தது.
ஆக, கப்பல் அறை எங்கள் ஹாலைவிடப் பெரிது.
இதைக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கோட்டுக்குள் நால்வரும் படுத்துப் பார்த்தோம்.
சோபா மேல்படுக்கை ஆனது.
யாருடைய குதிகாலோ என் விலாவில்.
பன்வேல் லோக்கல் கடந்துபோக, தரை லேசாக நடுங்கியது,
அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.
"கிளம்பிருச்சு" என்றான் ஏபல்.

அங்கே படுத்தபடிதான் முடிவானது:
இரண்டாவது கப்பல், பிப்ரவரி,
வட்டக் கண்ணாடி வைத்த அறை, திறக்க முடியாதது.
நோவாவின் பேழையிலும் ஒரே ஜன்னல்தான்.
ஆனால் அவர் அதைத் திறந்தார்.
அவர் வீட்டில் நான்கு வயதில் யாரும் இல்லை.

மறுநாள் துடைத்துவிட்டேன்.
மாப் எட்டாத மூலையில் மட்டும் கோடு தங்கிவிட்டது.

சிலிண்டர் மாற்ற வந்தவர் குனிந்து பார்த்து
"இது என்ன?" என்றார் இந்தியில்.
"பாத்ரூம்" என்றாள் ஜெரூஷா, "கப்பலோடது."
அவர் தலையாட்டினார்.
முப்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு
கோட்டை மிதிக்காமல் காலைத் தூக்கி
அந்தப் பக்கம் வைத்தார்.