இரு கற்களுக்கு ஒரு குறிப்பு

நாற்பது சொல்லுக்கு மேல் போகாதே என்றார் ஸ்படாரோ.
லிப்பாரித் தீவின் அருங்காட்சியகத்தில்
எழுத்து, துப்புரவு இரண்டுக்கும்
எப்போதும் அளவுதான்.
பெட்டி ஒன்று, அட்டை ஒன்று,
உள்ளே இரண்டு கற்கள்.

முதல் வரைவு:
அப்சிடியன் – எரிமலைக் கண்ணாடி. கருப்பு. கனம். உடைந்தால் கத்தி.
பியூமிஸ் – நுரைக்கல். வெளுப்பு. தண்ணீரில் மிதக்கும்.
எழுதி முடித்ததும் எனக்கே கசந்தது.
கல்யாணத் தரகரின் நோட்டு மாதிரி
நிறம், எடை, குணம்.
எந்த வயிற்றில் பிறந்தவை என்று
ஒரு வார்த்தை இல்லை.

ஜன்னலைத் திறந்தேன்.
தீவின் வடகிழக்கில், கடலுக்கு மேலே
மாவு கொட்டினாற்போல் வெள்ளைச் சரிவு.
அதைத் தாண்டி இறங்குகிறது
கருப்பாய் ஒரு நாக்கு.
இரண்டும் ஒரே உலையில் கொதித்தவை.

இரண்டாம் வரைவு:
முதலில் வந்தவன் மூடியைத் தெறித்துக்கொண்டு வந்தான்.
குலுக்கித் திறந்த சோடா புட்டி.
குழம்புக்குள் அடைபட்ட நீராவி
வழி கிடைத்ததும் பொங்கி, பொங்கிய இடத்திலேயே
சுவர்கள் இறுகிவிட்டன.
நுரைக்கல் என்பது
ஆவி காலி செய்துவிட்டுப் போன
ஆயிரம் சின்ன அறைகள்.

ஆவி போன பிறகு, அடியில் தங்கிய குழம்பு
சத்தமில்லாமல் ஊர்ந்து வந்தது.
தேன் போல என்று எழுதி அடித்தேன்;
எந்தத் தேனும் அவ்வளவு தடிப்பில்லை.
படிகமாய்க் கோத்துக்கொள்ள
அணுக்கள் கையை நீட்டுமுன்
விறைத்துப்போனது.
அதுதான் கருப்பு.

எண்ணிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிவிட்டது.

தரை துடைக்க வந்த வெனேரா
கேட்காமலே இரண்டையும் கையிலெடுத்தாள்.
“இது என் குளியலறையில் கிடக்கிறது, குதிகாலுக்கு.
இது?”
கட்டைவிரலில் சிவப்பு துளிர்த்தது.
அவள் திட்டிய சொற்கள்
எந்த வரைவிலும் சேரவில்லை.

அன்று மாலை, மண்பாண்டம் செய்யும் ஒனோஃப்ரியோ
கருப்பில் ஒரு சில்லு கேட்டான்.
பாண்டங்களோடு சூளையில் வைத்தானாம்,
ஏறக்குறைய ஆயிரம் டிகிரி.
காலையில் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.
நெல் பொரிந்தாற்போல் பொரிந்து,
சாம்பல் வெளுப்பில், ஊதினால் பறக்கும் கனத்தில்
என் கருப்பு.

ஆக, எல்லா ஆவியும் போகவில்லை.
ஒரு சிட்டிகை நீரை
பல நூறு ஆண்டுகளாய்
வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது.
அமைதி என்று நான் எழுதியிருந்தால்
அது பொய்யாகியிருக்கும்.

மூன்றாம் வரைவு:
இரண்டும் கண்ணாடிதான்.
ஒன்று பொங்கிவிட்டது.
மற்றது இன்னும் பொங்கவில்லை.

ஸ்படாரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
“இது குறிப்பா, வம்புப் பேச்சா?
பள்ளிப் பிள்ளைகள் வருகிற இடம்.”

பெட்டியில் இப்போது இருப்பது முதல் வரைவு.
கருப்பு. கனம். கத்தி. வெளுப்பு. மிதக்கும்.
பொரிந்த சில்லை மட்டும்
இரண்டுக்கும் நடுவில் வைத்துவிட்டேன்,
பெயர் எழுதாமல்.

காலைப் படகில் வருபவர்களில்
யாராவது ஒருவர் குனிந்து பார்த்துக் கேட்கிறார்:
மூன்றாவது என்ன?

“அதுவா, அதை அடுப்பில் வைத்தார்கள்,”
என்கிறாள் வெனேரா
வாளியை நகர்த்திக்கொண்டே.