நிறைவயிறு

அர்வைஹேர் புல்வெளியில், நாதாம் பந்தயத்தில்,
கடைசியாக வரும் இரண்டு வயதுக் குட்டிக்கும்
ஒரு பாட்டு உண்டு.

ஜெயித்த குதிரையின் வியர்வையைத் தொட்டு
சனமெல்லாம் நெற்றியில் பூசிக்கொண்டு
புழுதியும் அடங்கி
வெகுநேரம் கழித்து அனுங்கூ வந்தாள்.
நூற்றுப் பதினான்கில் நூற்றுப் பதினான்கு.

'நிறைவயிறு' என்று குட்டிக்கொரு பட்டம்.
கழுத்தில் நீலப் பட்டுத்துணி,
பிட்டத்தில் புளித்த குதிரைப்பால்.
பாடகர் நீட்டி முழக்கினார்:
குட்டிமேல் குற்றமில்லை,
வழியெல்லாம் கல்,
சவுக்கு குட்டை,
ஏறியவள் சின்னவள்,
பழக்கியவன் விவரம் பத்தாதவன்,
வரும் வருஷம் முதலில் வருவாய் நீ.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பழக்கியவன் நான்தான்.

ஒன்பது வயது. அழவில்லை.
யாரோ தந்த பால்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
கேட்டாள்:
"அப்பா, அதில் எது நிஜம்?"

பாட்டு என்றால் பாட்டு, என்றேன்.
கல் என்றேன்.
விடியலில் பெய்த மழை என்றேன்.
அவள் கூடாரத்துக்குப் பின்னால்
கட்டுத்தறிக்குப் போய்விட்டாள்.

முளையைச் சுற்றிக் குட்டி மேய்ந்த இடம்
வட்டமாக மழிந்து கிடந்தது.
முளையிலிருந்து விளிம்புவரை
அடிமேல் அடி வைத்து எண்ணினாள்.
பதினேழு.
"முந்தாநாள் ஒன்பதுதானே?"

ராத்திரி அது கனைத்த கனைப்பு
பசித்த பிள்ளை அழுவதுபோல இருந்தது.
எழுந்து போய்க் கயிற்றை நெகிழ்த்திவிட்டேன்.
பந்தயத்துக்கு முந்தின இரவு.
இருபது வருஷமாகக் குதிரை பழக்குகிறேன்.
என்னென்னவோ வாய்வரை வந்தது.
"நான்தான்" என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன்.
குச்சியெடுத்து மண்ணில் ஒரு கோடு போட்டாள்.
"இது கயிறு."
பக்கத்தில் இன்னொன்று.
"இது நான்.
இரண்டாவது மேட்டில், பின்னால் யாராவது வருகிறார்களா என்று
திரும்பிப் பார்த்தேன்.
யாருமே இல்லை.
அப்புறமும் மூன்று தரம் பார்த்தேன்."

அந்த மூன்று தரத்துக்கு
இருவருமே கொஞ்சம் சிரித்தோம்.

கல்லைச் சேர்க்கலாமா என்று யோசித்தாள்.
குச்சி மண்ணைத் தொட்டபடி நின்றது.
"கல் நூற்றுப் பதினான்கு பேருக்கும்தான் இருந்தது"
என்று அதை விட்டுவிட்டாள்.

நீலத்துணி காற்றில் படபடக்க
நிறைவயிறு வந்து
இரண்டு கோட்டையும் மிதித்துக் கலைத்துவிட்டு
வட்டத்துக்கு வெளியே
எட்டாத ஒரு புல்லுக்குக்
கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.