மீதி ஐந்து

தேங்காய்ப்பட்டணம் துறைமுகம், பகல் ஒன்றரை மணி.
டீசல், ஐஸ், முதலாளி பங்கு எல்லாம் கழித்தபின்
என் கால்குலேட்டரில் நின்றது
7,20,720.

பேனாவை வைத்துவிட்டேன்.
எழுநூற்றிருபதை ஆயிரத்தொன்றால் பெருக்கினால் வருவது.
ஒன்று தொடங்கிப் பதினாறு வரை
எந்த எண் வந்து கேட்டாலும்
சில்லறை மிஞ்சாமல் பிரிந்து கொடுக்கும்.
அந்தக் குணமுள்ளவற்றில் இதுதான் ஆகச் சிறியது.

கரைக்கு வந்தவர்கள் பதினாறு பேர்.
தலைக்கு 45,045.
முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும்
அதே கூலி.
இப்படியொரு கணக்கை
இனி நான் பார்க்கப்போவதில்லை.

"பதினேழாப் பிரி," என்றார் ஸ்ராங்கு கிளீட்டஸ்.
"ஜெரோனுக்கும் உண்டும்."

குடல்வால் பழுத்து
பதினொன்றாம் நாள் கொச்சியில் இறக்கிவிடப்பட்டவன்.
தையல் போட்ட வயிற்றோடு
தூத்தூரில் படுத்திருக்கிறான்.

பதினேழு பகா எண்.
இதன் காரணிகளில் அது இல்லை.
சொல்லிப் பார்த்தேன்.
"இல்லேங்கில் என்ன? எழுது பிள்ளே."

42,395 வீதம்.
ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு
ஒவ்வொருவராய்க் குனிந்து கையெழுத்திட்டார்கள்.

மீதி ஐந்து ரூபாய்.
எந்தப் பத்தியில் எழுத?
இரண்டு நாளாக மேசையில் கிடக்கிறது,
கேரைச் செதில் ஒட்டிய நாணயம்.