பதினோரு நிமிடம்

என் பெயர் வீபே ஹூக்ஸெமா. கண்ணாடி ஊதுகிறவன்.
க்ரோனிங்கனில், கால்வாயை ஒட்டிய ஆய்வகத்தில்
ஃபென்னா ரைப்கெமா கேட்ட குழாய்களையெல்லாம்
பதினேழு வருடம் ஊதிக் கொடுத்தேன்.
பாதியை அவளே உடைத்தாள்.

"ஒன்றுமே இல்லாத ஓர் இடம் வேண்டும்" என்றாள் முதல் நாள்.
எவ்வளவு பெரிதாக என்றேன்.
"பூசணி அளவுக்கு."

அதற்குள் நகமளவு நிக்கல்.
அதன் முகம் மட்டும் போதும் அவளுக்கு.
உள்ளே இருக்கும் அணுக்களுக்கு
எந்தப் பக்கம் திரும்பினாலும் சுற்றம் உண்டு.
மேல் வரிசையில் நிற்பதற்குத்தான்
ஒரு பக்கம் ஆளில்லை.
கையை நீட்டியபடியே நிற்கும்.
வந்ததைப் பிடித்துக்கொள்ளும்:
காற்றை, ஈரத்தை, பம்பின் எண்ணெய் வாடையை.
கண் இமைப்பதற்குள் முகம் மூடிவிடும்.

"இரும்பைத் தொட்டேன் என்கிறோமே வீபே,
அதன்மேல் படிந்ததைத்தான் தொடுகிறோம்."
அன்று மாலை வாசலில் நின்று
சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மழை பெய்துகொண்டிருந்தது.

ஊரெல்லாம் மதித்த பேராசிரியர் ஒருவர் வந்தார்.
நுனிப்புல் மேய்கிறாய், கொஞ்சம் ஆழமாக
ஏதாவது செய்யக்கூடாதா என்றார்.
அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.
கோப்பை கழுவாதது. எனக்குத் தெரியும்.

குடுவையை நானூறு டிகிரியில் இரண்டு நாள் வேகவைப்போம்.
ஆறியதும் விளக்கை அணைத்து
பொறிக்கோலைக் குழாய் முழுக்க ஓட்டுவோம்,
கசிவு இருந்தால் பொறி ஊசியாய் உள்ளே இறங்கும்.
ஒருமுறை நிலக்கரி லாரி போன அதிர்வில்
ஆறு வார வேலை 'டிக்' என்றது.
அவள் அழவில்லை.
ஷூவைக் கழற்றிச் சுவரில் அடித்தாள்,
ஒற்றைச் ஷூவோடு என் பட்டறைக்கு நடந்து வந்தாள்.

குறிப்பேட்டில் தினமும் ஒரே வரி: இன்றும் அழுக்கு.

கால்வாய் உறைந்துபோன அறுபத்துமூன்றாம் வருடம்,
பிப்ரவரி, இரவு இரண்டேகால்.
திரையில் பச்சைப் புள்ளிகள்.
கூர்மையாய், இடையில் வெறும் இருட்டு.
அவள் மூச்சை அடக்கினாள்.
கண்ணாடிக்கு வெளியே இருப்பவள் மூச்சுவிட்டால் என்ன?
கேட்கவில்லை. நானும் அடக்கினேன்.

பதினோரு நிமிடம்.
பிறகு இடையிடையே மங்கலாகப் புதுப் புள்ளிகள்.
எதுவோ வந்து உட்காரத் தொடங்கியது.
கண்ட இடத்தில் அல்ல, அதற்கும் ஒரு வரிசை இருந்தது.
அப்போதுதான் சிரித்தாள்.

அன்றைய வரி: பதினோரு நிமிடம். பிறகு விருந்தாளி.

மார்கரின் ஆலைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள்,
எங்கள் நிக்கல் திடீர் திடீரென வேலையை நிறுத்துகிறதே என்று.
கந்தகம் என்றாள். எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினாள்.
ஆளுக்கொரு பெட்டி மார்கரின் தந்து போனார்கள்.
எனக்கு அது பிடிக்காது.

கடைசிக் குடுவை என் அலமாரியில் இருக்கிறது,
கழுத்தை உருக்கி மூடியதும் நான்தான்.
உள்ளே அந்தத் துண்டு இன்னும் கை நீட்டி நிற்கிறதா,
யாராவது வந்துவிட்டார்களா,
பார்த்தால் தெரியாது.
போன வாரம் துடைக்க எடுத்தேன்.
வெளியே நல்ல தூசி, அதில் என் ஐந்து விரல்.
துடைக்காமல் வைத்துவிட்டேன்.