தலையில் அலை வைத்த எழுத்து

விர்ட்சு படகுத்துறையில் காற்று மணிக்குத் தொண்ணூறு.
இன்றைக்குப் பயணம் இல்லை.
தாலினில், நான்காம் மாடியில், மாரிகா
சூப் ஆறுவதைக் கவனிக்காமல்
திரையைப் பார்க்கிறாள்.

பதினோராயிரம் பேருக்குப் பணம் திருப்ப வேண்டும்.
பதினோராயிரம் செய்திகள் தரகனின் வாசலில்.
இந்தத் தரகன் கமிஷன் கேட்காதவன்,
கடிதம் பிரித்துப் படிக்காதவன்.
வாங்குவான். வைத்திருப்பான்.
கை நீட்டும் பணியாளுக்கு ஒன்று கொடுப்பான்.
‘முடித்தேன்’ என்ற சொல் வரும்வரை
கணக்கிலிருந்து அடிக்க மாட்டான்.

பணியாட்கள் எட்டு. மனிதர் அல்ல, நிரல்கள்.
ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது.
ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒன்று
பாதி வேலையில் செத்துப்போனது.
யாரும் அழவில்லை.
அதன் கையிலிருந்த சீட்டு வரிசைக்குத் திரும்ப
வேறொன்று எடுத்துக்கொண்டது.
ஒரே பணம் இருமுறை போகாதிருக்க
சீட்டுக்குச் சீட்டு ஓர் எண்;
அதற்காகத்தான் மார்ச்சில்
தார்வோவோடு அத்தனை சண்டை.

மூன்று மணிக்கு வரிசை காலி.
ஓரத்தில், செத்த கடிதங்களின் பெட்டியில்,
ஒன்று மட்டும்.
ஐந்து முறை கொடுத்து
ஐந்து முறையும் எடுத்தவரைக் கொன்றது.

திறந்தாள்.
பதினேழு யூரோ நாற்பது சென்ட்.
பெயரின் முதல் எழுத்துக்குத்
தலையில் ஒரு சிறு அலை.
(எனக்கும் இங்கே எழுத வரவில்லை,
ஓன்னெ என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

கடலில் ஓர் அலை அவளை நிறுத்தியது,
பெயரில் ஓர் அலை அவள் பணத்தை.

ஒரு வரி திருத்தி
சீட்டை மறுபடி வரிசையில் போட்டாள்.
எங்கிருந்தோ ஒரு பணியாள்:
முடித்தேன்.

சூப்பின் மேல் ஆடை படர்ந்திருந்தது.